தளபதியைக் கொடுத்து வாங்கிய வண்டி

உலகத்தையே ஜெயிக்கக் கிளம்பிய மாசிடோனிய மாமன்னர் பாபிலோனில் கண்ணை மூடியதும் அவருடைய தளபதிகள் நாட்டை ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக்கொண்டார்கள். கிடைத்தது போதாமல் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளவும் கிளம்பினார்கள். என் புருஷன் டெர்டாஸ் மாசிடோனியன். அவர்களில் ஒருவரிடம் ஈட்டி பிடித்தான். நான் அவர்கள் ஜெயித்த பாக்திரியா நாட்டுக்காரி. எங்களுக்கு வீடென்று இருந்தது ஒரு மாட்டுவண்டிதான்.

அன்றைக்கு உப்பு வெளியில் சண்டை. கிளம்பிய புழுதியில் பக்கத்து வண்டியே தெரியவில்லை. அந்தப் புழுதிக்குள் எதிரியின் குதிரைப்படை புகுந்து, வண்டிகளோடு எங்களையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. முன்னால் எங்கள் ஆண்கள் ஜெயித்துக்கொண்டிருந்தார்களாம். யாருக்கு வேண்டும் அந்த ஜெயம்?

சாயங்காலம் பெரிலாஸ் என்ற படைத்தலைவன் பெண்களைத் தன் ஆட்களுக்குப் பங்கு பிரிக்க ஆரம்பித்தான். என் முறை வந்தபோது மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன்.

"என்னை யாருக்கும் குடுக்காதே. என் புருஷன் வந்து கூட்டிட்டுப் போவான்."

சிரித்தான். "எப்படி வருவான்? தனியா ஈட்டியத் தூக்கிட்டா?"

"எதிர்ல நிக்கிறதும் உங்க மாசிடோனியாக்காரங்கதானே? எங்களத் திருப்பித் தந்தா என்ன தருவீங்கன்னு ஆள் விட்டுக் கேளு. பங்கு போட்டா உங்களுக்கு ஆளுக்கொரு பொம்பளை. கேட்டா ஒரு படையே கிடைக்கும்."

"வாய் நீளம்தான் உனக்கு," என்றான். ஆனால் எழுந்து தன் தளபதியின் பெரிய கூடாரத்துக்குப் போனான். டெர்டாஸ் வருவான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

எங்கள் ஆண்கள் வந்தார்கள். தங்கள் தளபதியையே, அவருடைய இடுப்புக் கச்சையால் கையைக் கட்டி, நடுவில் நடத்திக்கொண்டு வந்தார்கள். எங்களுக்காக எதிரி கேட்ட விலை இதுதானாம். என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது தன் கம்பளியைக் கழற்றிக் கொடுத்த மனிதர். என்னைத் தாண்டும்போது நின்றார்.

"குழந்தை நல்லாருக்காம்மா?"

"நல்லாருக்காங்கய்யா," என்றேன்.

டெர்டாஸ் மகளை வாங்கி அணைத்துக்கொண்டு அழுதான். "தப்புப் பண்ணிட்டேன்டி."

"தப்புதான்யா. ஆனா நாடு நாடாப் பிரிச்சாங்களே, உன்ன ஒருத்தனாவது கேட்டானா? உனக்குன்னு இருந்தது நாங்க ரெண்டு பேருதான். மாட்டைப் பூட்டு."

அந்த மனிதரைப் பிறகு கொன்றுவிட்டார்கள். அன்றிரவு அவருக்காக அழுதேன். ஆனாலும் நாளைக்கே இன்னொருவன் என்னைப் பங்கு போட வந்தால், மறுபடியும் ஆள் விட்டுத்தான் கேட்கச் சொல்வேன்.