துவக்கு விழா

எங்கள் தோட்டத்தில் எதையும் ஆரம்பிப்போம். கோயில் திருவிழாவை, சண்டையை, ஸ்ட்ரைக்கை, எல்லாவற்றையும் ஆரம்பிப்போம். துவக்குவது கிடையாது. துவக்கு என்றால் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். அதற்குக் குழல் இருக்கும், விசை இருக்கும், அமுக்கினால் வெடிக்கும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு யாரும் எங்களை முட்டாள்கள் என்று சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நான் ஜெறோம். பொல்கஸ்தென்ன ரப்பர் தோட்டத்துக்கும் கித்துல்கல டவுனுக்கும் இடையே ஆட்டோ ஓட்டுகிறேன். ஓட்டாத நேரமெல்லாம் தோட்டத்து முச்சந்தியில் மர்சூக் நானாவின் சலூனில் இருப்பேன். எங்கள் சங்கம் அங்கேதான் நடக்கிறது. சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். நான், மர்சூக் நானா, தலைவர் இருளப்பன் அண்ணன். தலைவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முடி வெட்டுகிற நாற்காலியில் அவர்தான் உட்காருவார், அதனால் அவர் தலைவர்.

சங்கத்தின் வேலை காத்திருப்பது. அமெரிக்காவில் ஒரு பழைய கம்பெனி இருக்கிறது. குதிரை ஓடுகிற படங்களில் வருமே, விசையைச் சுற்றி வளையம் வைத்த துவக்கு, வளையத்தைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் வெறுங்கோது வெளியே பாயும், புதுத் தோட்டா உள்ளே ஏறும், அந்த லீவர் துவக்கைச் செய்துகொண்டிருந்த கம்பெனி. நடுவில் நிறுத்திவிட்டார்கள். பிறகு, பழையபடி செய்யப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

ரப்பர் ஸ்டோரில் வேலை முடிந்ததும் அண்ணன் நேரே சலூனுக்கு வருவார். மர்சூக் நானா தன் போனைக் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவில் சாய்த்து வைப்பார். பெரிய தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் அதில் பேசுவான். அவன் பேசுகிற இங்கிலீஷில் எங்களுக்குப் புரிந்தது 'கமிங் சூன்' மட்டும்தான். அதைக் கேட்கவே தினமும் போனோம். வந்தால் வாங்க எங்களிடம் வழியும் இல்லை, லைசென்ஸும் இல்லை. ஒரே ஒரு தடவை கையில் பிடித்து அந்த வளையத்தை இழுத்துப் பார்க்க வேண்டும், அதுதான் அண்ணனின் ஆசை. அதுவரைக்கும் குடையில் பழகினார். குடைக்காம்பில் கம்பியை வளைத்துக் கட்டி, சக் சக் என்று இழுத்து, கண்ணாடியில் தன்னையே குறிபார்ப்பார். ஷேவ் எடுக்க வந்த ஒரு மனுஷன் அதைப் பார்த்துவிட்டுப் பாதி முகத்து நுரையோடு எழுந்து போய்விட்டார்.

இப்பேர்ப்பட்ட வீரருக்கு வீட்டில் ஒரு கவலை. பெண்சாதி மல்லிகா அக்கா அவரை எங்கேயும் கூப்பிடுவதில்லை. போன மகளிர் தினத்தில் தோட்டத்தின் சிறந்த பால்வெட்டுக்காரி என்று அக்காவுக்குப் பரிசு கொடுத்தார்கள். கட்டாயம் வரணும் என்று அக்கா சொல்லி வைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்துத் தொப்பிக்காரன் நேரலையில் வந்தான். முன்வரிசையில் அண்ணனுக்குப் போட்டிருந்த நாற்காலியில் கடைசிவரை ஒரு நாய் படுத்திருந்தது. அக்கா சண்டை போடவில்லை. சோறு போட்டார், பேசினார், சமையலில் உப்பு சரியா என்றுகூடக் கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

"நாலு ஏச்சு ஏசுனாக்கூடப் பரவால்ல ஜெறோம். கூப்பிட மாட்டேங்குறா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. போய் மன்னிப்புக் கேளுங்கண்ணே என்றேன். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, அக்கா கட்டிக் கொடுத்த மரவள்ளிச் சிப்ஸைக் கொறித்துக்கொண்டு தொப்பிக்காரனைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தச் சிப்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக அக்கா விதவிதமாகப் பொரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் மிளகாய்த்தூள், ஒருநாள் கறிவேப்பிலை, ஒருநாள் மிளகு. எதற்காக இத்தனை விதம் என்று எங்கள் மூவரில் ஒருத்தனும் யோசிக்கவில்லை. தின்றோம்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் காலையில் சலூனுக்கு நேர் எதிரே, இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் பேனர் தொங்கியது. மேலே சிங்களம். கீழே கொட்டை எழுத்தில் தமிழ். 'புதிய உற்பத்தி துவக்கு விழா. ஞாயிறு காலை, பழைய பிள்ளைக் காம்பரா. அனைவரும் வருக.'

இருளப்பன் அண்ணன் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"புதிய உற்பத்தி. துவக்கு. விழா" என்றார். "அங்க செஞ்சு, கப்பல்ல ஏத்தி, இங்க கொண்டாந்துட்டாங்க."

"இந்தத் தோட்டத்துக்கா அண்ணே?"

"குரங்கு வெரட்ட துவக்கு குடுக்கப் போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. நம்ம தோட்டத்துல இல்லாத குரங்கா?"

மர்சூக் நானாவுக்குச் சிங்களம் வாசிக்க வரும். கத்தரிக்கோலோடு வெளியே வந்து மேல் வரியை எழுத்துக் கூட்டினார். "சிங்களத்துல துவக்குன்னு இல்லயே. ஆரம்பக உத்சவயன்னுதான் ஈக்கி."

நானும் அண்ணனும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தோம். இந்த நாட்டில் எந்தப் பேனரில் சிங்களமும் தமிழும் ஒன்றையே சொல்லியிருக்கிறது? பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறோம், ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறோம். கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கிய சீட்டில் வாய்க்கு வந்ததை எழுதி வைத்திருப்பார்கள். எது பிழை என்று கண்டுபிடிக்க முடியாமல், நமக்கு எது வசதியோ அதை நம்பிப் பழகிவிட்டோம்.

"அவங்களுக்கு ஆரம்பம், நமக்கு துவக்கு" என்று அண்ணன் முடிவாகச் சொன்னார். நானாவும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. கர்த்தர் மன்னிக்கட்டும். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, ஆற்றில் படகு ஓட்ட வந்த வெள்ளைக்காரர் யாரோ என் ஆட்டோவில் மறந்துவிட்டுப் போன தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். நானா சலூனைப் பூட்டினார். மூவரும் பிள்ளைக் காம்பராவுக்குப் போனோம். முன்பு வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன கட்டடம் அது. இப்போது சுண்ணாம்பு அடித்து, வாசலில் குலைவாழை கட்டியிருந்தார்கள். உள்ளே நிறையப் பெண்கள். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் சிவப்புத் துணி மூடி, நீளமாக ஏதோ ஒன்று.

அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

வாசலில் நிரோஷா மிஸ் நின்றார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, புதிதாக வந்திருக்கிற அபிவிருத்தி அதிகாரி. அண்ணன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தி, "மிஸ், அந்தத் துவக்கு…" என்று இழுத்தார்.

"இன்னும் துவக்கேல்ல ஐயா" என்றார் மிஸ் அவசரமாக. "மனேஜர் வந்தாப் பிறகுதான் துவக்குவம்."

அண்ணன் எங்களிடம் திரும்பினார். "இன்னும் துவக்கு இல்லையாம். தொரை வந்த பொறகுதான் துவக்கு வருமாம்."

"அப்ப துணிக்குக் கீழ ஈக்கிறது?" என்று நானா கேட்டார்.

"சாம்பிள்" என்றார் அண்ணன்.

அப்போதுதான் மல்லிகா அக்கா எங்களைப் பார்த்தார். பச்சைச் சேலை, தலையில் பூ, நெஞ்சில் ரிப்பன் பூ குத்தியிருந்தது. நேரே அண்ணனிடம் வந்து, "வந்துட்டீங்களா" என்றார். அக்கா முன்வரிசையைக் காட்டினார். அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. "ஒங்களுக்குத்தான். உக்காருங்க."

அண்ணன் உட்கார்ந்தார். அக்கா மேடைப் பக்கம் போனதும் என்னை இழுத்துக் காதில் சொன்னார். "இது இவளோட விழாடா. நான் துவக்கு பாக்க வந்தேன்னு தெரிஞ்சா செத்தேன். இனிமே சாகுற வரைக்கும் கூப்பிட மாட்டா."

"வாயத் தொறக்காம இருங்க" என்றேன். நானா அவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

தொரை வந்தார். விளக்கு ஏற்றினார்கள். தொரை சிவப்புத் துணியை இழுத்தார். கீழே பேக்கட் ஒட்டுகிற மெஷின் ஒன்று நீளமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் மரவள்ளிச் சிப்ஸ் குவியல். அண்ணன் மூச்சு விட்ட சத்தம் பின்வரிசைக்குக் கேட்டது. மூன்று வருஷக் காத்திருப்பு அதில் போனது.

அக்கா மைக்கைப் பிடித்தார். மகளிர் சங்கத் தலைவி அக்காதான் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். "இந்தச் சிப்ஸுக்கு ருசி பாத்தது எங்க வீட்டுக்காரரு" என்றார். "தெனமும் குடுத்து உப்பு சரியான்னு கேப்பேன். ம் அப்படிம்பாரு. நல்லாருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அதனால மறுபடி மறுபடி மாத்திப் பொரிச்சோம். அவரு மட்டும் நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா முதல் நாளே நிறுத்தியிருப்போம், இந்த ருசி வந்திருக்காது. மொத பேக்கட்ட அவரே ஒட்டட்டும்."

கை தட்டினார்கள். அண்ணன் பலியாடு போல எழுந்து போனார். மெஷினுக்கு ஒரு கைப்பிடி இருந்தது. கீழே அமுக்கி மேலே தூக்க வேண்டும். அண்ணன் அமுக்கினார், தூக்கினார். சக். முகம் மாறிவிட்டது. நிமிர்ந்து நின்றார். அடுத்த பேக்கட், சக். அடுத்தது, சக். பெண்கள் சிப்ஸை அள்ளி அள்ளிப் போட, அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்கினார். எங்கள் தோட்டத்தில் அப்படியொரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆச்சரியத்தில் தொரை கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அவருடைய டை நுனி, நூறு கிராம் மரவள்ளிச் சிப்ஸோடு சேர்ந்து பேக்கட்டுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. நிரோஷா மிஸ் கத்தரிக்கோல் தேடினார். மர்சூக் நானா எப்போதும் பையில் ஒன்று வைத்திருப்பார். நல்ல மனுஷன் தொரை, சிரித்துவிட்டு அரை டையோடு கடைசிவரை இருந்தார்.

விழா முடிந்து அண்ணனையும் அக்காவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீடு இருக்கிற லயத்துக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. தப்பித்தோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பின்னால் அக்கா அண்ணன் தோளில் ஒட்டியிருந்த சிப்ஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருளப்பன் அண்ணனுக்கு நெஞ்சு கேட்கவில்லை.

"மல்லிகா, நான் இன்னைக்கு வந்தது…"

நான் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கினேன். ஆட்டோ குலுங்கியது. அவர் நிறுத்தவில்லை. "ஒனக்காக வரல. துவக்கு பாக்க வந்தேன்."

"தெரியும்" என்றார் அக்கா.

எனக்கே ஹேண்டில் நழுவியது.

"மிஸ் துவக்க விழான்னுதான் எழுதிக் குடுத்தாங்க. அவிசாவளையில பிரிண்ட் அடிக்கிறவன் ஒரு சுழி கூட்டிப் போட்டுட்டு, சரியான்னு போன்ல அனுப்பினான். சரி, அப்படியே அடின்னு சொன்னேன். அத கோயில்கிட்டக் கட்டச் சொன்னாங்க. நான்தான் சலூனுக்கு எதிர்ல கட்டினேன்."

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, என்மேலும் வந்தது. மூன்று பேர் உட்கார்ந்து ஒரு கம்பெனியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தப் பொம்பளை அத்தனையையும் பக்கத்திலேயே செய்து முடித்திருக்கிறார்.

"ஒழுங்கா எழுதியிருந்தா வந்திருப்பீங்களா?" என்று அக்கா கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் பொய் சொல்லவில்லை. "வந்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அடுத்தது எப்ப?" என்றார்.

"என்னது?"

"ஒங்க சங்கத்து வேலை. அடுத்து என்ன?"

"சனிக்கிழமை கித்துல்கல பொலைச் சந்தைக்குக் கொண்டுபோய் விக்கப் போறோம்" என்ற அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குப் பேனர்ல என்னா எழுதணும்? பீரங்கின்னா?"

"ஒண்ணும் எழுத வேணாம் மல்லிகா. கூப்பிடு."

அக்கா சிரிப்பதை நிறுத்தினார். வெளியே மழையைப் பார்த்தார். லயத்து வாசலில் நான் ஆட்டோவை நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை.

"ஏங்க" என்றார். "சனிக்கிழமை எங்கூட வாங்க."

"வாறேன்" என்றார் அண்ணன்.