மூன்று வருடச் செவ்வாய்க்கிழமை

புதுப் பதிப்பை வெளியிடும் வாரம் வந்தால் குழலியின் வீட்டு நடை நீளும். போன முறை நான்கு நாற்காலி போடும் அளவுக்கு நீண்டது. இந்த முறை முப்பத்தொன்று. சேலத்தில் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். வீட்டுக்காரர் இன்னும் கவனிக்கவில்லை.

குழலி பார்த்துக்கொள்வது தேதிகளைக் கணக்கிடும் ஒரு மென்பொருள் நூலகம். யாருடைய மென்பொருளுக்கு நாள், கிழமை தேவைப்பட்டாலும் இதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தப்பு கண்டால் திருத்தி அனுப்பலாம். அனுப்பியவர், குழலி அதைப் பார்க்கும்வரை, நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் வழக்கம்.

கடைசி நாற்காலியில் நாகர்கோவில் ஜெபசிங் மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தார். அவர் அனுப்பியது ஒரே ஒரு வரி. அதன் கீழே குழலி எழுதியிருந்தாள்: "நாளைக்குப் பார்க்கிறேன்."

அவர் திருத்தியது, நாளை எது என்று கேட்டால் தேதி சொல்ல வேண்டிய வரியை. சில வீடுகளில் மட்டும் நூலகத்திலிருந்த பழைய வரி இன்றைய தேதியையே திரும்பச் சொன்னது. ஆகவே ஜெபசிங் வீட்டில் மூன்று வருடமாகச் செவ்வாய்க்கிழமை. அவர் மகள் பெனிட்டாவுக்குப் புதன்கிழமை கல்யாணம்.

தப்பு குழலிக்குத் தெரியும். அவள்தான் எழுதினாள், தெரிந்தே எழுதினாள். அன்றைக்கு டாக்டர் அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மேல தாங்காதும்மா" என்று சொல்லியிருந்தார். அப்பா இன்னும் அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் இருக்கிறார். உள் அறைக் கட்டிலில் சாய்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு அறைக்காகத்தான் அவள் அதைச் செய்தாள். அது நாகர்கோவில்வரை போகும் என்று நினைக்கவில்லை.

"அக்கா, திட்டத்தைப் படிக்கட்டா?" என்று சமையலறைக் குழாயிலிருந்து அன்வர் கேட்டான். வெளியீட்டு வேலையில் அவன் கூட்டாளி. போன தடவை மிக்ஸியில் வந்தான். அதற்கு இது தேவலை.

"படி."

"பதிப்பு எண்ணை மாத்தணும். என்ன மாறுச்சுன்னு எழுதணும். நன்றி சொல்லணும். அஞ்சு மணிக்கு வெளியிடணும். எப்பவும் போலத்தான்."

"நாற்காலிங்க?"

"மூணு வருஷம் ஆனது அஞ்சு மணிக்குத் தானா மடங்கிக்கும். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"உக்காந்திருக்கறவரு?"

"மரியாதையா ஒரு கடிதம் போகும். அப்புறம் அந்த வரிய யாரும் தொட முடியாது. உங்களுக்கும் நிம்மதி."

குழலி குழாயை இறுக்கி மூடினாள். அவன் சொட்டிக்கொண்டே இருந்தான்.

மூன்றரை மணிக்கு டீ எடுத்துக்கொண்டு நடையில் நடந்தாள். பாதியில் ஒரு பஸ் ஸ்டாப் முளைத்திருந்தது. அங்கே பஸ் நிற்கவில்லை. மீதியையும் நடந்தே போனாள்.

"சாயா எதுக்கும்மா? இப்பதானே ஒண்ணு தந்திய" என்றார் ஜெபசிங். அது மூன்று வருடத்துக்கு முன்பு தந்தது. தம்ளர் இன்னும் சூடாக இருந்தது.

"வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா சார்?"

"பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணமாக்கும். பந்தல் போட்டாச்சு, அவியலுக்குக் காய் வெட்டியாச்சு. பெனிட்டா மருதாணிக் கையை நீட்டிட்டு இருக்கா. காயவே மாட்டேங்கு. அவ அம்மைதான் சோறு ஊட்டுகா."

"எம்மேல கோவம் இல்லையா?"

"என்னத்துக்கு? நாளைக்குப் பாக்கேன்னு சொன்னிய. நாளை இன்னும் ஆகல்லியே."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் குழலிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் டீயை ஆற்றிக் குடித்தார். மனுஷன் தம்ளரைக் கழுவித் தருவதாக வேறு சொன்னார். அவளுக்குத் தன்னைப் பார்க்கவே கூசியது.

உள் அறைக்குப் போனாள். அப்பா அந்தக் காலத்தில் டவுன் பஸ் கண்டக்டர். இறங்க வேண்டியவர் இறங்காமல் விசில் கொடுத்ததே இல்லை.

"வெளிய யாரும்மா? நாற்காலி கிறீச்சுங்குது."

"திருத்தம் கொண்டாந்தவருப்பா."

"ரொம்ப நேரமாவா?"

"ஆமா."

"நிறுத்தி வச்சிருக்கியா?"

அப்பா ரசத்தை ஒரு வாய் உறிஞ்சினார்.

"ரசம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா மூணு வருஷமா இதே ரசம், குழலி."

தட்டில் சாதம் குறையவே இல்லை. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். அப்பா இடது கையால் அவள் தலையைத் தடவினார். வலது கையில் ரசம்.

"நாளைக்கு இட்லி போடு" என்றார்.

நான்கு ஐம்பதுக்கு அவள் ஜெபசிங்கின் வரியைத் திறந்தாள். படித்து முடிக்க ஐந்து விநாடி ஆனது. வரி சரியாக இருந்தது. சேர்த்துக்கொண்டாள். பிறகு வெளியீட்டுக் குறிப்பை எழுதினாள்.

மாற்றம்: இனி நாளை வரும். நன்றி: ஜெபசிங்.

"இந்த மாற்றத்தால பாதிக்கப்படுறவங்கன்னு ஒரு இடம் இருக்குக்கா, காலியா விட்டிருக்கீங்க" என்றது குழாய். "காலியா விட்டா ஏத்துக்காது."

"ஒருத்தர்னு போடு."

"யாரு?"

"எங்கப்பா."

குழாய் சொட்டுவது நின்றது.

"வெளியிடட்டாக்கா?"

"வெளியிடு."

ஜெபசிங் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். நாற்காலியைத் தானே மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். மற்ற நாற்காலிகள் முன்பே காலியாகி, நடை அதற்குள் சுருங்கிவிட்டது; வாசல் நாலு எட்டில் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"நாளைக்குக் கண்டிப்பா வரணும். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, கேட்டியளா?"

"சரிங்க" என்றாள் குழலி.

கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இட்லிக்கு அரிசி அளந்து ஊறப்போட்டாள். இரண்டு பேருக்கு.