ஏணியில் வைத்த கால்

நரம்பில்லாத நாக்கு என்பார்களே, அது காசிமேட்டுக் கருணாகரனுக்கென்றே சொன்னது. புது வலையைப் பாறையில் மாட்டிக் கிழித்துவிட்டான் என்பதற்காக, பெற்ற பிள்ளையை, அதுவும் ஒரே பிள்ளையை, "இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று குப்பமே கேட்கக் கத்தினான். மனோகரனும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. துறைமுகத்தில் வேலை செய்யும் சிநேகிதன் தாவூதின் வீட்டுக்குப் போனவன் திரும்பவேயில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. ஆவணி பிறந்ததும் தாவூது ஆள் அனுப்பினான். மனோகரன் சிங்கப்பூர் கப்பலில் கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், மத்தியானம் கிளம்புகிறான், வந்து கூட்டிப் போங்கள் என்று.

கன்னியம்மா புருஷனைப் பிடித்துத் தள்ளாத குறை. "உன் வீறாப்ப அடுப்புல போடு. நீ ஒரு வார்த்த கூப்டா வந்துருவான்யா. என் புள்ள இல்லாம மட்டும் வராத."

கருணாகரன் மட்டும் என்ன, கல்லா? பிள்ளை போன நாளாக அவனுக்கும் சோறு இறங்கவில்லை. ராயபுரம் வழியே ஓட்டமும் நடையுமாகப் போனான். துறைமுக வாசலில் காவல்காரன் மறித்தான். கையெடுத்துக் கும்பிட்டு அவன் மனம் இரங்குவதற்குள் கப்பலின் சங்கு ஊதிவிட்டது.

கரிப்புழுதியில் கண் எரிய, மூட்டைகளுக்கு நடுவே புகுந்து கப்பலடிக்கு வந்தபோது மனோகரன் தெரிந்தான். தலையில் தகரப் பெட்டி. கப்பல் ஏணியில் காலை வைத்துவிட்டான்.

பெயர் தொண்டை வரை வந்தது. கருணாகரன் விழுங்கினான். கடலுக்கென்று காலெடுத்து வைத்தவனைக் கரையிலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது கடல் அவனை எடுத்துக்கொள்ளும். மறந்துபோன புகையிலையைக் கொடுக்க அண்ணி அப்படித்தான் ஒரு நாள் அண்ணனைக் கூப்பிட்டாள். கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது.

மனோகரன் திரும்பி அப்பனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பின்னால் ஏறுகிறவர்கள் திட்டினார்கள். பெயர் தப்பி வெளியே வந்துவிடுமோ என்று கருணாகரன் பல்லைக் கடித்துக்கொண்டான். வழியனுப்பும்போது அழுவதும் ஆகாதே, முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி பார்த்தபோது ஏணியில் பையன் இல்லை.

ஏணியைத் தூக்கி, கயிறெல்லாம் அவிழ்த்து முடித்த பிறகுதான், ஏணியடியில் வேலையாக நின்ற தாவூது வர முடிந்தது.

"இன்னா நைனா நீ! வந்தும் வாயத் தொறக்கலியே? 'எங்க நைனா வந்து ஒரு தபா கூப்டா பொட்டியப் போட்டுட்டு எறங்கிர்றேன்'னு காத்தாலேர்ந்து சொல்லிக்கினு இருந்தான். நீ மூஞ்சியத் திருப்பிக்கினதப் பாத்து, 'அவருக்கு நான் செத்துட்டேன்டா'ன்னு சொல்லிட்டுப் பூட்டான்."

"கால எட்த்து வெச்சிட்டானேடா... எப்டிக் கூப்புடுவேன்?"

"கட்டுமரத்துக்குத்தான நைனா அந்தச் சாங்கியம்? இது இரும்புக் கப்பலு. அவனே அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தான்."

கருணாகரன் துறைமேடை விளிம்புக்கு ஓடினான். கப்பல் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிவிட்டது. அடைத்து வைத்ததெல்லாம் உடைந்து, "மனோகரா! டேய் மனோகரா!" என்று அடிவயிற்றிலிருந்து அலறினான்.

அலறிய பிறகுதான் உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். விரலிடுக்கு வழியே, "நான் கூப்டல தாயே, நான் அவனக் கூப்டல" என்று கடலிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.