படியேறி வரும் அப்பா

அப்பா லிஃப்டில் வந்தால் பயமில்லை. படியேறி வந்தால்தான் பயம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கோபம் தலைக்கேறிய நாட்களில் லிஃப்டுக்காகக் காத்து நிற்கப் பொறுமை இருக்காது. நான்கு மாடியும் தடதடவென்று ஏறி வருவார். பூட்ஸ் சத்தம் கேட்டதுமே, அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாதென்று அம்மா ஜன்னல்களைச் சாத்துவாள். பத்தாவது படிக்கும் மகள், உடையக்கூடிய சாமான்களை ஒளித்து வைப்பாள்.

அதனாலேயே அவள் யாரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. வகுப்பில் அவளுக்கு 'மியூட்' என்று பெயர். இன்று அறிவியல் மாடல் செய்ய, அழைக்காமலே வந்து உட்கார்ந்துவிட்டாள் பக்கத்து பெஞ்சுக்காரி. அவள் பட்டப்பெயர் 'ரேடியோ'.

"நீ பேசினா யாராவது காசு கேக்கறாங்களாடி?"

மியூட் சிரித்தேவிட்டாள். இவள் ஒருத்தியாவது தங்கிவிடுவாளோ என்று மனசு ஆசைப்பட்டது.

அப்போதுதான் கேட்டது. படியில் பூட்ஸ்.

அம்மா ஜன்னல்களைச் சாத்த ஓடினாள். மகள் ரேடியோவை இழுத்துப் போய் பால்கனியில் தள்ளித் தாழ்போட்டாள்.

"ஏய், என்னடி பண்ற?"

"சத்தம் போடாத, ப்ளீஸ்."

அப்பா உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பு. "நம்ம லிஃப்டையே இன்னிக்குக் கழட்டிப் போட்டாச்சு. ஏறி வர்றதுக்குள்ள உசிரு போகுது. ஏன் இப்படிப் புழுங்குது? ஜன்னலைத் திற."

அம்மா திறந்தாள். பால்கனிக் கதவு தட்டப்பட்டது. அப்பாவே தாழை நீக்கினார்.

"என்னம்மா, உன்னை யாரு வெளிய வச்சுப் பூட்டினது?"

"தெரியல அங்கிள். நான் கிளம்பறேன்." மியூட்டின் முகத்தைப் பார்க்காமலே ரேடியோ பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா பூட்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"யாருக்குப் பயந்து அந்தப் பொண்ண ஒளிச்சு வச்சே?"

மகள் மாடல் அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"ஊரான் பொண்ணு முன்னாடி என்னை மிருகமாக்கிட்டீங்க. ஆத்தாளும் பொண்ணும் சேர்ந்து."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை. அம்மா ஜன்னல் பக்கம் போனாள்.

கீழே தெருவில், கோபத்தோடு அண்ணாந்து பார்த்தாள் ரேடியோ. நாலாவது மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டிருந்தன. இந்தப் புழுக்கத்திலா? 'சத்தம் போடாத, ப்ளீஸ்' என்ற குரல் இப்போதுதான் அவளுக்கு முழுசாகக் கேட்டது.

அப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தபோது காலிங்பெல் அடித்தது. அம்மா ஓடிப்போய்த் திறந்தாள். மூச்சிரைக்க ரேடியோ.

"காம்பஸ் பாக்ஸை மறந்துட்டேன், ஆன்ட்டி. அப்படியே மாடலையும் முடிச்சுட்டுப் போறேன். என்னைக் கூட்டிட்டுப் போக எங்கம்மா இங்கயே வர்றாங்க."

காம்பஸ் பாக்ஸ் அவள் பையிலேயே துருத்திக்கொண்டிருந்தது. மியூட்டின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசத் தொடங்கினாள். மேசைக்கடியில் அவள் கை, மியூட்டின் கையை இறுகப் பிடித்திருந்தது.

"தாராளமா இரும்மா" என்று அப்பா சிரித்தார். உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார்.

இன்னொன்றைக் கழற்றவில்லை.