பத்தால் வகுக்கவும்

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊரில் நான் தொங்காத கட்டடம் கிடையாது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்கள் எந்த டாக்டர் என்று விசாரிப்பார்கள். நான் அந்த ஆஸ்பத்திரியில் எந்த லிஃப்ட் என்று விசாரிப்பேன்.

நான் எதைச் சொன்னாலும் என் மனைவி பத்தால் வகுத்துக்கொள்வாள். நூறு பேர் சிக்கினார்கள் என்றால் பத்துப் பேர். மூன்று மணி நேரம் என்றால் பதினெட்டு நிமிடம். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் வகுத்தல் கற்பதற்கு முன்பே என்னை வகுக்கக் கற்றுக்கொண்டவள். இந்தச் சூத்திரத்தைச் சம்பந்தியம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. வினை அங்கேதான் வந்தது.

மகளுக்கு எட்டாம் மாதம். பிரசவத்தைத் தன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. மொத்தமே பன்னிரண்டு படுக்கை. சம்பந்தியம்மாவுக்கோ ஊரின் மறுகோடியில், அவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஏழு மாடி ஆஸ்பத்திரிதான் ஆஸ்பத்திரி. அவருடைய தங்கை மகன் அங்கே எக்ஸ்ரே எடுக்கிறான். அவன் என்னமோ தாயின் வயிற்றிலிருந்து குழந்தையை நேராகக் கையில் வாங்கித் தந்துவிடுவான் என்பதுபோலப் பேசுவார். இருந்தாலும் மருமகள் மேல் பிரியமுள்ளவர். கொஞ்சம் கொஞ்சமாக இளகிவந்தார். நான் வாயைத் திறக்கும் வரை.

அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளறையில் பழைய சகா ஒருவனோடு தொலைபேசியில் இருந்தேன். அந்தச் சின்ன ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம், போகலாமா என்று கேட்டான். எனக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"அங்கயா? பாதியில மாட்டிக்கும்யா, இறங்கவே இறங்காது. என் காலத்துல மட்டும் நூறு தடவை கையாலதான் இறக்கியிருக்கோம். ஒரு தடவை மூணு மணி நேரம் இறங்கல. வெளிய எடுத்தப்ப எல்லாம் நீலமா இருந்துச்சு."

கூடத்துக்கு வந்தால் சம்பந்தியம்மா முகத்தில் ரத்தம் இல்லை. நம்ம பிள்ளைங்க வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியா என்று மெல்லக் கேட்டார். கதை கேட்க ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், அதேதான், ஒரு தடவை கடப்பாரை போட்டு நெம்பினோம் என்று வேறு சேர்த்துச் சொன்னேன். கையிலிருந்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வரும், மருமகளை என் வீட்டுக்கே கூட்டிப்போகிறேன், பிரசவம் ஏழு மாடியில்தான் என்று மாலையே தகவல் வந்தது. ஏன் என்று எங்களுக்குப் புரியவே இரண்டு நாள் ஆயிற்று. என் மனைவிதான் கண்டுபிடித்தாள். பிரசவ அறையில் 'இறங்கல' என்றால் அது குழந்தையின் தலை. சம்பந்தியம்மா காதில் விழுந்ததெல்லாம் குழந்தைகள்.

ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். லிஃப்ட், வெறும் லிஃப்ட் என்று தலையிலடித்துக்கொண்டேன். ஆனால் எனக்கு முன்பே என் மனைவி, உதவி செய்வதாக நினைத்து, வகுத்தல் சூத்திரத்தை அவரிடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். நேற்றுக் கற்ற பாடத்தை அவர் இன்று என் மேலேயே போட்டுப்பார்த்தார்.

"நூறு இல்ல, பத்துன்னே வெச்சுக்குவோம் சம்பந்தி. பத்துக் குழந்தை மாட்டினா அது மாட்டினது இல்லையா? நீங்க சொல்றதுல பத்துல ஒண்ணுதான் நிஜம்னு உங்க வீட்டுக்காரம்மாவே சொல்லிட்டாங்க. லிஃப்ட்டுங்கறது அந்த மிச்சம் ஒம்பது."

பூட்டையும் நானே போட்டு, சாவியையும் நானே விழுங்கியிருந்தேன். மாப்பிள்ளையைக் கேட்டால், அம்மா சொல்வதும் சரிதான், மாமா சொல்வதும் சரிதான் என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். அந்தத் தலையில் ஒரு மின்விசிறி இறக்கையைக் கட்டியிருந்தால் வீடே குளிர்ந்திருக்கும். மகள் வீட்டு வாசலில் பெட்டி தயாராக நின்றது. நான் போகும்போதெல்லாம் அவள் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "விடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அதைப் பத்தால் வகுக்க எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, ஏழு மாடியில் கொடுப்பதற்காக அவளுடைய ஃபைலை வாங்கிவர, மகளும் சம்பந்தியம்மாவும் நானும் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஃபைல் இருப்பது இரண்டாம் மாடி. மகளால் படி ஏற முடியாது. லிஃப்ட்டை இன்னும் யாரும் பழுதுபார்த்திருக்கவில்லை. துணி அலமாரியை நிமிர்த்தி வைத்த அளவு. கம்பிக் கதவு. ஏறினோம். முதல் மாடியைத் தாண்டி ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

எதிரே வெறும் சுவர். தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் இரண்டாம் மாடித் தரையும் நர்சுகளின் செருப்புகளும் தெரிந்தன. சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு இரும்புக் கயிறே உருகியிருக்கும். மகள் மூலையிலிருந்த முக்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேர் மூச்சில் லிஃப்ட்டின் கண்ணாடி வேர்த்தது. முப்பத்தாறு வருடம் நான் வெளியில் நின்று, ஒன்றும் ஆகாது என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சொன்னவன். உள்ளே இருந்து கேட்டால் அது எவ்வளவு பொய்யாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மெயினை அணைத்துவிட்டு யாராவது மோட்டார் அறைக்கு ஏறுங்கள் என்று கத்தினேன். காவலாளி ஓடினார். நான் சொல்வதை மேலே சொல்ல ஒரு நர்ஸ் படிக்கட்டில் நின்றாள்.

அதற்குள் இடைவெளியில் ஒரு முகம் தெரிந்தது. மகளைப் பார்க்கும் டாக்டரம்மா. நரைத்த தலையோடு தரையில் குப்புறப் படுத்திருந்தார். என்னையும் பார்க்கவில்லை, சம்பந்தியம்மாவையும் பார்க்கவில்லை. குழந்தை அசைகிறதா என்று மகளிடம் மட்டும் கேட்டார். அசைகிறது என்றதும் கையைக் கீழே நீட்டினார். மகள் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு டாக்டர் அந்தக் கையை விடவே இல்லை.

மகள் பேசினாள், சுவரைப் பார்த்தபடியே.

"அத்தை, போன வருஷம் குழந்தை தங்காமப் போனப்பவும் இவங்க இப்படித்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ட்யூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகல. எத்தனை மாடின்னு நான் பாக்கல அத்தை. இந்தக் கை இருக்கான்னுதான் பாத்தேன். என்னை ஒருத்தரும் கேக்கல."

அப்போது மேலேயிருந்து காவலாளி கத்துவதை நர்ஸ் எங்களுக்குச் சொன்னாள்.

"இறங்கலையாம் சார். பாதியில மாட்டிக்கிச்சாம். கையாலதான் இறக்கணுமாம்."

சம்பந்தியம்மா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்குப் போன்ல சொன்னது இதுதானா?"

"இதேதான்."

"நூறு தடவை?"

"பத்து."

"மூணு மணி நேரம்?"

"பதினெட்டு நிமிஷம்."

"நீலமா இருந்துச்சுன்னீங்களே?"

"அவங்க எல்லாம் வார்டு ஊழியருங்க. யூனிஃபார்மே நீலம்."

இறக்கப்போகிறோம், கையை எடுங்கள் டாக்டர் என்றேன். நான் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் எடுத்தார். பிரேக்கை விட்டுவிட்டு, சக்கரத்தை அரை அரைச் சுற்றாகத் திருப்பச் சொன்னேன். ஓர் எறும்பு எங்களைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கியிருந்தால் இதைவிடச் சீக்கிரம் வந்திருக்கும். கடைசியில் முதல் மாடியின் தரை வந்தது, கதவு திறந்தது, காற்று வந்தது.

டாக்டரம்மா படியிறங்கி வந்து, பெஞ்சில் உட்கார்த்தி, குழந்தையின் துடிப்பைக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். சம்பந்தியம்மா பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தார். பிறகு, ஃபைலை நானே வாங்கிவருகிறேன் என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மகள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஃபைல் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கார். இரண்டு பேரும் அந்தப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு யுகம் போயிற்று. சரி, ஆறு நிமிடம்.

சம்பந்தியம்மா வந்தார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. கையில் ஃபைல் இல்லை.

"பிரசவ ரூம் கீழதானாம்மா. வாசலுக்குப் பக்கத்துலயே. லிஃப்ட்டே வேண்டாமாம். ஃபைல் இங்கயே இருக்கட்டும்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மெல்லப் படியிறங்கி வாசலுக்கு வந்தோம். வாசலில் சம்பந்தியம்மா நின்றார்.

"சம்பந்தி, உண்மையைச் சொல்லுங்க. லிஃப்ட்டை நீங்கதானே நிறுத்தினீங்க?"

"சத்தியமா இல்ல சம்பந்தியம்மா."

அவர் கொஞ்ச நேரம் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"சரி. பத்துல ஒரு பங்கு இல்லன்னு வெச்சுக்கறேன்," என்றார்.