பின்சீட்டின் இடது மூலை

அந்தப் பழைய காருக்கு ஒரு கெட்ட பழக்கம். நாத்தனார் ஏறினால் நின்றுவிடும். கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நின்றது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது நின்றது. அவர் இறங்கி ஓரமாக நின்றதும் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். மெக்கானிக் பெட்ரோல் பம்பை இரண்டு தடவை மாற்றியும் பலனில்லை. "அக்கா ராசி அப்படி" என்று அவர் தம்பியான வீட்டுக்காரர் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். விளையாட்டு வினையானது. நாத்தனார் அந்தக் காரில் ஏறுவதையே விட்டுவிட்டார்.

இன்றைக்கு அவருடைய ஒரே மகளுக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வலி. போன் வந்ததும் வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாத்தனார் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தான் வந்தால் வண்டி நடுவழியில் நிற்குமாம், நீங்கள் இரண்டு பேரும் போய்ச் சேருங்களாம். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

காயில்காரிக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்காரரின் மனைவியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். கருகிப்போன மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கிறாள். எந்த மோட்டாரும் ஆள் பார்த்து நிற்காது என்பது அவள் கட்சி. ஆனால் இது என்ன மிக்சியா என்று கேட்டுக் கேட்டே வீட்டுக்காரர் அவளைக் காரை அண்டவிட்டதில்லை.

"போன மாசம் சிமெண்டு மூட்டை ஏத்திட்டு வந்தீங்களே, அன்னைக்கும் நின்னுச்சுல்ல?"

நின்றது என்று ஒப்புக்கொண்டார். எங்கே வைத்திருந்தார்? பின்சீட்டில், இடது மூலையில். முன்சீட்டில் முட்டி இடிக்கிறதென்று நாத்தனார் எப்போதும் உட்காரும் அதே மூலை.

"அப்ப மூட்டைக்கும் ராசி சரியில்லையா?"

கேட்ட வேகத்திலேயே அவளுக்குப் பொறி தட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அடடா, இங்கே காக்கை நிஜமாகவே மட்டையை அழுத்தியிருக்கிறது!

நாத்தனாரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தாள். சாவியைத் திருப்பச் சொன்னாள். பின்னாலிருந்து பம்பு 'ங்ங்' என்று முனகியது. நாத்தனாரை உட்காரச் சொன்னாள். அவர் கூனிக் குறுகி உட்கார்ந்தார். மறுபடி சாவி. பம்பிடம் மூச்சுப் பேச்சில்லை.

நாத்தனார் முகம் செத்துப்போனது. காயில்காரி கைதட்டிக் குதித்தாள். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் நினைத்திருப்பார்.

சீட்டைப் பெயர்த்தாள். பம்புக்குப் போகும் வயர், சீட்டு ஸ்பிரிங்குக்கு நேர் கீழே நசுங்கிக் கிடந்தது. வயரின் பம்பு முனையில் டெஸ்ட் பல்பை மாட்டி, மறுபடி மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னாள். வயரைத் தொடாமல் விட்டால் பல்பு எரிந்தது, விரலால் அழுத்தினால் அணைந்தது. மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்து தொட்டும் தொடாமலும் நின்றது. பாவம் மெக்கானிக், சீட்டைக் கழற்றிவைத்தல்லவா சோதித்தார்! அழுத்த ஆளில்லாதபோது வயர் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கெட்ட துண்டை வெட்டிப் புது வயர் இணைத்தாள். ஸ்பிரிங் படாமல் ஓரமாக அதைக் கொண்டுபோனாள். மனசு மட்டும் நாத்தனாரைவிட முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

எல்லாம் மாட்டியானதும் வீட்டுக்காரர், எதற்கு வம்பு என்று முன்கதவைத் திறந்துவைத்து அக்காவைக் கூப்பிட்டார். நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் ஏறி, அதே இடது மூலையில், குறுகாமல் முழு உடம்போடு உட்கார்ந்தார். போதாதென்று ஒருதடவை குதித்தும் பார்த்தார்.

சாவி திரும்பியது. பம்பு முனகியது. என்ஜின் பிடித்துக்கொண்டது.

நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டுத் தம்பியின் தோளைத் தட்டினார்.

"ராசி கெட்டவ உக்காந்தாச்சு. ஓட்டுடா, எம் பொண்ணு காத்துட்டிருப்பா."