வாசல் கொடி

"வாளியைக் கீழ வைடா," என்றாள் அம்மா. வாளிக்குள் மருமகளின் புடவைகள் சோப்பு நுரையில் மூழ்கிக் கிடந்தன. "தெருக்குழாயில நின்னு பொண்டாட்டி துணியைத் துவைக்கப் போறியா? நாலு பேர் பார்த்தா என் மானம் என்ன ஆகுறது?"

ஒரு நடைக்கு எழுபது பேரைச் சமாளிக்கிற பஸ் கண்டக்டர் அவன். வீட்டில் இந்த ஒருத்தியிடம் மட்டும் விசில் எடுபடாது.

மனைவிக்குத் தொண்டைவலியில்தான் ஆரம்பித்தது. வெந்நீரில் கொப்பளித்தாள், மறந்துபோனார்கள். மூன்றாம் வாரம் முட்டி வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு.

"வலின்னா ஒரு இடத்துல இருக்காதா? ஊர் சுத்திப் பாக்குதா?" என்று கேலி செய்தாள் அம்மா. படியேறும்போது மூச்சுத் திணறி மனைவி உட்கார்ந்துவிட்ட அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"வாதக் காய்ச்சல்," என்றார் டாக்டரம்மா. "தொண்டைக் கிருமியை அடிக்கக் கிளம்பின உடம்பு, ஆள் தெரியாம இதயத்தையும் அடிச்சிருக்கு. இதயத் தசை வீங்கியிருக்கு. கால் சுளுக்கினா காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். இதயத்துக்கு லீவே கிடையாது. அதனால மத்த உடம்புக்கு லீவு. ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. மாத்திரை தர்றேன். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, வருஷக்கணக்கா. அதை விட்டா திரும்ப வரும், வால்வையும் கெடுக்கும்."

"வீட்டு வேலை?" என்று இழுத்தான்.

"உங்களுக்குக் கை இருக்கே."

இரண்டு வாரம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, திருடன் மாதிரி துவைத்தான். முந்தாநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, அதே குளியலறைச் சுவரில் மனைவி சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. மடியில் அவனுடைய காக்கிச் சட்டை.

"ஆம்பளை துவைக்கிறது... வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு... அத்தை சொன்னாங்க," என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

ஆறு வாரத்தை ஒன்றிலிருந்து மறுபடி எண்ணச் சொன்னார் டாக்டரம்மா.

இன்று வாளியைக் கீழே வைக்காமலே தெருவில் இறங்கினான்.

"என்ன கண்டக்டரே, ரூட் மாறிடுச்சா?" என்றாள் குழாயடியில் ஒருத்தி.

"ஸ்பெஷல் சர்வீஸ் அக்கா. கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க."

"எங்க வீட்டுக்காரரையும் அந்த வண்டியில ஏத்திக்கயேன்," என்றாள் இன்னொருத்தி. குழாயடி முழுக்கச் சிரித்தது.

பின்னாலேயே வந்த அம்மா குரலை உயர்த்தினாள். "என் துணியைத்தான் துவைக்கிறான். பெத்தவளுக்குச் செய்யுற புள்ளை இந்தக் காலத்துல எங்க கிடைக்கும்?"

சிரித்த வாய்களெல்லாம் உச்சுக்கொட்டி மெச்சின. அதே வாளி, அதே கை. போன மானம் மட்டும் திரும்பி வந்துவிட்டது.

கண்டக்டர் அலசிப் பிழிந்து வீட்டுக்கு எடுத்து வந்தான். வாசல் கொடியில் மனைவியின் புடவையை உதறி, தெருக்கோடி வரை தெரிகிற மாதிரி விரித்தான். பக்கத்தில் அவளுடைய உள்பாவாடை. நிதானமாகக் கிளிப் மாட்டினான்.

"உன் துணி அடுத்த வண்டியிலம்மா," என்றான். "இதுல இடமில்ல."